சர்வர் குடிபோன மாதம்

மார்ச் 3

அண்ணிக்கு,

எப்படி இருக்கீங்கன்னு கேட்டு ஆரம்பிக்கணும். கேட்க மனசு வரல. அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

நான் இன்னும் அதே ஆஸ்பத்திரி ரத்த வங்கிலதான் இருக்கேன். அதே ஜன்னல் இல்லாத அறை, அதே உறுமுற குளிர்பெட்டி. என்கூட ரத்தப் பரிசோதனை செய்ய புதுசா ஒருத்தி வந்திருக்கா. முடி அவ்வளவும் சுருள் சுருளா இருக்கிறதால வந்த அன்னைக்கே அவளுக்கு சுருட்டைன்னு பேர் வெச்சாச்சு. கெட்டிக்காரி. என்னளவு வாய் மட்டும் கிடையாது.

நீங்க எங்க வீட்டு மருமகளா இருந்தப்ப எங்களுக்கு ஒரு பதிவேடு செஞ்சு கொடுத்தீங்க இல்லையா? அரிய வகை ரத்தம் இருக்கிறவங்க பேர், தெரு, போன் நம்பர், கடைசியா எப்ப ரத்தம் கொடுத்தாங்க, எல்லாம் அதுல இருக்கும். அது இன்னைக்கும் ஓடிட்டுதான் இருக்கு. சுத்துவட்டாரத்துல இருக்கிற எல்லா ஆஸ்பத்திரியும் அதைத் திறந்துதான் ஆளைத் தேடறாங்க. எத்தனை உயிர் பொழைச்சிருக்குன்னு யாரும் கணக்கு வெக்கல. வெச்சிருந்தா உங்களுக்கு ஒரு மாலை போட்டிருப்பாங்க.

இப்ப பிரச்சனை என்னன்னா, அது குடியிருக்கிற சர்வர் கம்பெனி கடையைக் கட்டுது. மாசக் கடைசிக்குள்ள உங்க சாமானை எடுத்துட்டுப் போயிடுங்கன்னு மெயில் அனுப்பிட்டாங்க. எங்க நிர்வாகி, "நம்ம ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குள்ளயே வெச்சுடலாமே"ன்னார். அங்க வெச்சா மத்த ஆஸ்பத்திரிக்காரங்க பாக்க முடியாது. எங்களுக்குப் போன் பண்ணி, நாங்க தேடி, நாங்க திரும்பக் கூப்பிட்டுச் சொல்லணும். ஞாயித்துக்கிழமை ரத்தம் வேணும்னா திங்கள்கிழமை வரைக்கும் காத்திருங்கன்னு சொல்ற மாதிரி ஆயிடும். "வேண்டாம் சார், வெளியில ஒரு புது சர்வர் வாடகைக்கு எடுத்து நானே போடறேன்"னு சொன்னேன். "உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டார். தெரியும்னு சொல்லிட்டேன்.

தெரியாது. ஆனா வந்துடும். ரத்தத்துல ஆயிரம் வகை பிரிக்கத் தெரிஞ்சவளுக்கு இது வராமலா போகும்?

நீங்க மறுபடியும் கடலுக்கடியில கேபிள் போடற கப்பல்ல சேர்ந்துட்டதா கேள்விப்பட்டேன். அங்க போன் எடுக்காதாம், மெயில் மட்டும்தான் போகுமாம். உங்க முகவரி மாறியிருக்காதுன்னு நம்பி அனுப்பறேன். என்னென்ன செய்யணும்னு எழுதுங்க, அது போதும். வேற எதுவும் எழுதணும்னு கட்டாயம் இல்ல.

வாயாடி


மார்ச் 6

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. முகவரி மாறவில்லை. கப்பலில் இணையம் என்பது மழைக்காலத்து வெயில் மாதிரி, வந்தால் உண்டு. அதனால் நான் இங்கிருந்து உன் சர்வருக்குள் நுழைந்து எதையும் செய்து தர முடியாது. எல்லாவற்றையும் உன் கையால்தான் செய்தாக வேண்டும். உறுப்பு மாற்றுச் சிகிச்சையைத் தபாலில் சொல்லிக் கொடுப்பது போலத்தான் இருக்கும். முயற்சி செய்வோம்.

முதலில் ஒன்று. என்னை அண்ணி என்று அழைக்க வேண்டிய கட்டாயம் உனக்கு இனி இல்லை. அது சட்டப்படியே முடிந்துவிட்டது.

இனி வேலை. ஒரு சிறிய சர்வரை வாடகைக்கு எடு. உபுண்டு லினக்ஸ் இயங்குதளத்தைக் கேள், அவர்களே போட்டுத் தருவார்கள். உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, இருப்பதையெல்லாம் புதுப்பிப்பது. அடுத்து உனக்கென்று ஒரு தனிக் கணக்கு. ரூட் என்பவர் அந்த வீட்டின் சர்வாதிகாரி. அவர் பெயரில் வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாதபடி அடைத்துவிடு. பிறகு ஃபயர்வால், அழைக்காதவர்களை வெளியே நிறுத்தும் சுவர். இங்கே வரிசை முக்கியம்: நீ உள்ளே வரும் வழியை முதலில் அனுமதி, அதன் பிறகே ஃபயர்வாலை இயக்கு. பிறகு அப்பாச்சி, அது பக்கங்களைக் காட்டும். மைஎஸ்க்யூஎல், அது பதிவேட்டை வைத்திருக்கும். பி.எச்.பி., அது இரண்டுக்கும் நடுவே ஓடியாடும். கட்டளைகளை இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் படித்துப் புரிந்துகொண்டு அடி. வெட்டி ஒட்டாதே.

ப்ரவுசரிலேயே பதிவேட்டின் டேபிள்களைத் திறந்து மாற்றும் பி.எச்.பி.மைஅட்மின் போன்ற எதையும் போடாதே. உனக்கு அது தேவையில்லை. ஊரில் உள்ள திருடர்கள் எல்லாம் முதலில் தட்டிப் பார்க்கும் கதவு அது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்தே எல்லாவற்றையும் செய்யப் பழகு.

தினமும் பதிவேட்டின் நகலாக ஒரு பேக்கப் எடு. எடுத்தால் மட்டும் போதாது. வேறொரு இடத்தில் அதை விரித்துப் பார். திறந்தே பார்க்காத பேக்கப் பேக்கப் ஆகாது.

உன் நிர்வாகி உன்னிடம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. நாளை நீ வேலையை விட்டுப் போனால் யார் பார்ப்பது? அவர் கேட்பதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திரு.

இங்கே எல்லோரும் நலம். அதாவது நான் நலம்.


மார்ச் 11

அண்ணிக்கு,

ஆமா, அண்ணிதான். கோர்ட்டு உங்களுக்கும் எங்க அண்ணனுக்கும்தான் தீர்ப்பு சொல்லிச்சு. எனக்கு எந்தத் தீர்ப்பும் வரல. வந்தா சொல்றேன்.

சர்வர் எழுந்து நிக்குது! ப்ரவுசர்ல சர்வரோட முகவரி எண்ணைப் போட்டதும் அப்பாச்சியோட முதல் பக்கம் வந்துச்சு. "வேலை செய்யுது"ன்னு ஆங்கிலத்துல ஒரே ஒரு வரி. நான் போட்ட சத்தத்துல சுருட்டை கையில இருந்த சோதனைக் குழாயோட ஓடி வந்தா. பாத்துட்டு, "இதுக்கா இந்தக் குதி குதிக்கிறே?"ன்னா. வேலை செய்யாத கம்ப்யூட்டரை மட்டும்தான் அவ இதுவரைக்கும் பாத்திருக்கா, அதனால அவளுக்கு அருமை தெரியல.

இதுக்கு நடுவுல ஒரு கூத்து நடந்துச்சு. நீங்க அனுப்பின கட்டளைல ரெண்டு வரியை மாத்திப் போட்டுட்டேன். ஃபயர்வாலை முதல்ல இயக்கிட்டேன். அவ்வளவுதான், நான் கட்டின வீட்டுல என்னையே உள்ள விடல. எத்தனை தடவை தட்டினாலும் பதிலே இல்ல. அப்புறம் சர்வர் கம்பெனியோட பக்கத்துலயே அவசரத்துக்கு உள்ள போக ஒரு வழி வெச்சிருக்காங்கன்னு கண்டுபிடிச்சு, அது வழியா போய் சரி பண்ணிட்டேன். வரிசை முக்கியம்னு நீங்க எழுதினதுக்குக் கீழ இப்ப சிவப்பு மையால ரெண்டு கோடு இருக்கு.

அடுத்தது உங்களுக்குப் பிடிக்காது. பி.எச்.பி.மைஅட்மினைப் போட்டுட்டேன். எனக்குத் தேவையில்லைன்னு நீங்க எழுதினீங்க. எனக்கு என்ன தேவைன்னு எனக்குத் தெரியாதா? கறுப்புத் திரையைப் பாத்தா சுருட்டைக்குத் தலை சுத்துது. ஆனா கட்டம் கட்டமா டேபிளைக் காட்டினா என்னைவிட வேகமா பிழை பிடிக்கிறா. சோதிச்சுப் பாக்க நான் கையால அடிச்சுப் போட்ட பதிவுல ஒரே ஆளு ரெண்டு தடவை இருந்ததைக் காலைலேயே கண்டுபிடிச்சுட்டா. நான் இல்லாத அன்னைக்கு யார் பாக்கிறதுன்னு கேட்டீங்களே, இதோ இவதான் பதில். இவளுக்கு வேணும்னா நான் அதைப் போட்டுத்தான் ஆகணும். திருடன் வருவான்னா, கதவை எப்படிப் பூட்டறதுன்னு சொல்லுங்க. கதவே வேண்டாம்னு சொல்லாதீங்க.

இன்னொன்னு கேக்கணும். எழுதறதா வேண்டாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். நீங்களும் அண்ணனும் ஏன் பிரிஞ்சீங்கன்னு நான் எப்பவாவது கேட்டேனா? கேக்கவும் மாட்டேன். ரெண்டு பேருமே நல்லவங்க, ஒரே வீட்டுல இருந்தா மட்டும் ரெண்டு பேரும் வேற மாதிரி ஆயிடுவீங்க. அது எனக்கு முன்னாலேயே தெரியும். நீங்க அண்ணனை விட்டுப் போனீங்க, சரி. என்னை ஏன் விட்டுப் போனீங்க? ஒரு வார்த்தை சொல்லல. நான் வேலை முடிஞ்சு வந்து பாத்தா உங்க அலமாரி காலி. துணி மாட்டற கம்பியெல்லாம் அப்படியே தொங்கிட்டிருந்துச்சு.

அண்ணன்கிட்ட உங்களுக்கு எழுதறேன்னு சொன்னேன். "கப்பல் இப்ப எங்க நிக்குதாம்?"னு கேட்டான். அப்புறம், "நான் கேட்டதா எழுதாதே"ன்னான். அதனால எழுதல.

வாயாடி


மார்ச் 15

வாயாடிக்கு,

சரி. போட்டுவிட்டாய். இனி பூட்டைப் பற்றிப் பேசுவோம்.

அந்தக் கருவியின் வழக்கமான முகவரியை இன்றே மாற்று. எல்லோரும் ஊகிக்கும் பெயரில் அது இருக்கவே கூடாது. அதற்கு முன்னால் இன்னொரு பாஸ்வேர்டு கேட்கும்படி அப்பாச்சியில் ஒரு காவல் வை. உங்கள் மருத்துவமனையிலிருந்து வருபவர்களை மட்டும் அனுமதி. ரூட் அதற்குள் நுழையவே கூடாது. சுருட்டைக்குத் தனிக் கணக்கு கொடு: பார்க்கலாம், திருத்தலாம், சேர்க்கலாம். டேபிளை அழிக்க முடியாது. அவள் மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. கை தவறாத மனிதர்களை நான் இதுவரை பார்த்ததில்லை, கண்ணாடியிலும் பார்த்ததில்லை.

பிறகு லாக் கோப்பைத் திறந்து பார். யார் யார் வந்து என்ன கேட்டார்கள் என்று வரிசையாக எழுதியிருக்கும். நீ பயந்துவிடுவாய் என்று சொல்ல வந்தேன். நீ பயப்பட மாட்டாய், கோபப்படுவாய். அதுவும் நல்லதுதான்.

பதிவேட்டை மாற்றும் நாளில் பழைய பக்கத்தை மூடிவிட்டு மாற்று. இல்லையென்றால் பாதிப் பேர் பழைய இடத்தில் எழுதுவார்கள், பாதிப் பேர் புதிய இடத்தில் எழுதுவார்கள். பழையதிலிருந்து மொத்தமாக ஏற்றுமதி செய், புதியதில் இறக்குமதி செய். இது எளிது. இதில் சிக்கல் எதுவும் வராது.

உன் மற்ற கேள்விக்கு வருகிறேன். மூன்று முறை எழுதி அழித்தேன்.

அவர் உன் உடன்பிறந்தவர். ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். நான் உன்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தால், தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை என்று உன்னைக் கேட்டிருப்பார்கள். பிறகு உனக்கு எழுதியிருந்தால், யார் பக்கம் என்று கேட்டிருப்பார்கள். உன்னை நடுவில் நிறுத்த வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதுதான் உனக்கு நல்லது என்று தோன்றியது. அதன் பிறகு உன்னிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. அதனால் நான் நினைத்தது சரிதான் என்று எடுத்துக்கொண்டேன்.

இங்கே கடலடியில் ஒரு கேபிள் அறுந்திருக்கிறது. நங்கூரம் இழுத்துவிட்டதாம். நாளை முதல் அதைத் தூக்கி ஒட்டும் வேலை. அது முடியும் வரை கப்பலின் இணைப்பு முழுவதும் வேலைக்கே போய்விடும், என் மெயில் வரிசையில் காத்திருக்கும். நான் பதில் போடவில்லை என்றால் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

உங்கள் வீட்டில் எழுதப்படாமல் எனக்கு வந்து சேர்ந்த கேள்விக்குப் பதில்: கப்பல் நடுக்கடலில் நிற்கிறது. வானிலை நன்றாக இருக்கிறது.


மார்ச் 27

அண்ணி,

அவசரமா எழுதறேன். இது எப்ப உங்க கைக்கு வருமோ தெரியல.

நேத்து சாயங்காலம் பதிவேட்டை மாத்தினேன். நிர்வாகி கையெழுத்துப் போட இவ்வளவு நாள் ஆயிடுச்சு. பழைய கம்பெனி இன்னைக்குக் காலைல இணைப்பைத் துண்டிச்சுட்டாங்க. மாசம் இன்னும் முடியவே இல்ல, கேட்டா அவங்க பாட்டுக்கு ஏதோ சொல்றாங்க. புது இடத்துல எல்லா வரியும் வந்திருக்கு, ஒண்ணு கூடக் குறையல. ஆனா தமிழ் எழுத்து ஒண்ணு கூட இல்ல. பேர், தெரு எல்லாம் போயிடுச்சு. அது இருந்த இடத்துல தலைல கோடு போட்ட a, பக்கத்துல வட்டத்துக்குள்ள R, மறுபடியும் a, மறுபடியும் R, இப்படியே பக்கம் பக்கமா போகுது. ஆங்கிலத்துல இருந்ததும் எண்ணும் மட்டும் சரியா இருக்கு.

இதுல சிக்கல் வராதுன்னு எழுதியிருந்தீங்க.

பேக்கப்பைத் தனியா எடுத்து வெச்சுட்டு, அதோட நகல்லதான் கை வெக்கப் போறேன். போன் அடிக்குது. அப்புறம் எழுதறேன்.


மார்ச் 30

அண்ணிக்கு,

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா பதறிக்கிட்டே படிப்பீங்க.

அன்னைக்கு அடிச்ச போன் ஊரோட அந்தக் கோடில இருக்கிற பிரசவ ஆஸ்பத்திரிலேருந்து வந்தது. ஒரு பொண்ணுக்குக் குழந்தை பொறந்து ரத்தப்போக்கு நிக்கல. அரிய வகை. அவங்க பதிவேட்டைத் திறந்து பாத்திருக்காங்க, திறந்தா வெறும் a-வும் R-உம். "உங்க பக்கம் என்ன இப்படி பேய் பிடிச்ச மாதிரி இருக்கு?"ன்னு அந்த டாக்டரம்மா கத்தறாங்க.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பி.எச்.பி.மைஅட்மினைத் திறந்தேன். ரத்த வகை ஆங்கில எழுத்துலதானே இருக்கு, அதை வெச்சு வடிகட்டினேன். கடைசியா ரத்தம் கொடுத்த தேதியும் எண்ணுதான். சமீபத்துல கொடுத்தவங்களைக் கழிச்சேன். கைவிரல்ல எண்ணிடற அளவுக்குப் பேர் மிச்சம். பேர்னா பேர் இல்ல, போன் நம்பர். அப்பதான் நிர்வாகி உள்ள வந்தார். சரி, இன்னைக்கு இருக்குன்னு நெனச்சேன். அவர் திரையைப் பாத்தார், என்னைப் பாத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, "நான் எந்த நம்பரைக் கூப்பிடணும்?"னு கேட்டார். அண்ணி, அந்த மனுஷனை நான் எத்தனை திட்டு திட்டியிருக்கேன்! அவ்வளவையும் அந்த நிமிஷமே வாபஸ் வாங்கிட்டேன்.

நான் கூப்பிட்ட முதல் ஆள் எடுத்தார்.

"வணக்கம், ரத்த வங்கிலேருந்து பேசறேன். நீங்க யாருங்க?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க? யாருன்னு தெரியாமலா கூப்பிட்டீங்க?"

"உங்க ரத்தம் எனக்குத் தெரியும் சார். உங்க பேருதான் தெரியல."

போனை வெச்சுடுவார்னு நெனச்சேன். "எங்க வரணும்?"னார். பஸ் டிரைவர். வண்டியை டிப்போல விட்டுட்டு, சீருடையோடயே வந்துட்டார். நிர்வாகி கூப்பிட்டது ஒரு பல் டாக்டரை. "வாயைத் திறந்துட்டு ஒருத்தர் உக்காந்திருக்கார், அந்தப் பல்லை முடிச்சுட்டு வந்துடறேன்"னாங்களாம். சொன்ன மாதிரியே வந்தாங்க. சுருட்டை ரத்தம் எடுத்தா, சோதிச்சா, நான் பெட்டில வெச்சு அனுப்பினேன். அந்தப் பொண்ணு நேத்து எழுந்து உக்காந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாளாம். டாக்டரம்மாவே போன் பண்ணிச் சொன்னாங்க. "உங்க பேயை ஓட்டியாச்சா?"ன்னும் கேட்டாங்க.

ஓட்டியாச்சு. போன் வந்த அன்னைக்கு மதியமே. பழைய சர்வர் தமிழை ஆங்கில எழுத்துன்னு நெனச்சே வாங்கி வெச்சிருக்கு. நாம எழுதினதும் அப்படி, படிச்சதும் அப்படி, அதனால இத்தனை வருஷம் யாருக்கும் தெரியல. வெளில எடுக்கும்போதுதான் அது தன் பங்குக்கு ஒரு மொழிபெயர்ப்பு பண்ணியிருக்கு, புத்திசாலி! அதையே பின்னாடி நடக்க வெச்சேன். நகல்ல போட்டு, பழைய எழுத்து வகைலயே வெளில எடுத்து, கோப்போட தலைல இது யூனிகோடுன்னு மாத்தி எழுதி, புது டேபிள்ல ஏத்தினேன். முதல் தடவை பாதி வந்துச்சு. ரெண்டாம் தடவை முழுசா வந்துச்சு. திரைல முதல் பேரு தமிழ்ல தெரிஞ்சதும் சுருட்டை அழுதுட்டா. நான் அழல. மூக்கு மட்டும் கொஞ்சம் ஒழுகிச்சு.

லாக்கையும் பாத்தேன். மைஅட்மினோட பழைய முகவரியை எவனெவனோ நாள் முழுக்கத் தட்டியிருக்கான். நீங்க சொன்னபடி அதை மாத்தாம விட்டிருந்தா என் கதை கந்தல். அந்த விஷயத்துல நீங்க சொன்னது சரி. அதைப் போட்டது நான் சொன்னபடி சரி. கணக்கு நேர்.

இப்ப மத்த விஷயம். நடுவுல நிறுத்த வேண்டாம்னு முடிவு பண்ணேன்னு எழுதியிருந்தீங்க. அண்ணி, என்னை யாரும் எந்தப் பக்கம்னு கேக்கவே இல்ல. நீங்களும் கேக்கல. நான் தாங்க மாட்டேன்னு நீங்களே நெனச்சுக்கிட்டு, எனக்கும் சேத்து முடிவெடுத்துட்டுப் போயிட்டீங்க. நடுவுல நின்னா என்ன? நான் நல்லாத்தான் நின்னிருப்பேன். எனக்கு ரெண்டு கால் இருக்கு. நீங்க எழுதாம நான் எப்படி எழுதறது? உங்களுக்கு நாங்க எல்லாருமே வேண்டாம்போலன்னு நான் நெனச்சேன். சர்வர் கம்பெனி கடையை மூடியிருக்கலன்னா நாம ரெண்டு பேரும் இப்படியே ஆளுக்கொரு மூலைல நெனச்சுக்கிட்டே கிழவி ஆயிருப்போம்.

கோபம் இன்னும் போகல. ஆனா இப்ப எழுதினதும் கொஞ்சம் இளைச்சிருக்கு.

வாயாடி


ஏப்ரல் 4

வாயாடிக்கு,

கேபிளை ஒட்டிவிட்டோம். மெயில்கள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. உன் அவசரக் கடிதத்தைப் படித்துவிட்டு, அடுத்ததைத் திறக்காமலேயே உட்கார்ந்து எழுத்துச் சிக்கலைத் தீர்க்கும் வழியைப் பக்கம் பக்கமாக எழுதினேன். அனுப்பப் போகும் நேரத்தில்தான் நீயே அதை முடித்துவிட்டாய் என்று தெரிந்தது. என் பக்கங்களை அழித்துவிட்டேன். உன் வழி என்னுடையதைவிடச் சுருக்கம்.

சிக்கல் வராது என்று நான் எழுதியது தவறு. அந்தப் பழைய டேபிளைச் செய்தவளே நான்தான், அதனால் அதைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. மைஅட்மின் விஷயத்தில் கணக்கு நேர் என்று எழுதியிருக்கிறாய். நேர் இல்லை. அன்று காலை அது இல்லாவிட்டாலும் கறுப்புத் திரையில் நீ தேடியிருப்பாய், ஆனால் நிர்வாகி பக்கத்தில் உட்கார்ந்து நம்பர் படித்திருக்க முடியாது. அந்த ஆட்டம் உன்னுடையது.

பஸ் டிரைவரிடம் நீ சொன்னதைச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் சொன்னேன். கப்பலின் தலைமை இன்ஜினியர் சிரித்த சிரிப்பில் தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது. இப்போது இங்கே யார் யாரைக் கூப்பிட்டாலும், "உங்கள் ரத்தம் தெரியும்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை அவர்களிடம் சொல்லவில்லை. அதை மேல்தளத்தில் போய்ப் படித்தேன். காற்று பலமாக இருந்தது. திரும்பவும் கீழே வந்து படித்தேன். நீ சொல்வது சரி. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். அதைத் தவிர எழுத எனக்கு வேறு வார்த்தை இல்லை. தேடிப் பார்த்தேன்.

எனவே இப்போது கேட்கிறேன். கப்பல் பழுதுபார்ப்புக்காகத் துறைமுகத்துக்கு வருகிறது. அங்கிருந்து உங்கள் ஊர் ஒரு பகல் ரயில் பயணம். உன்னைப் பார்க்க வரலாமா? உன் அண்ணனுக்கு ஒரு துளி சங்கடம் இருந்தாலும் வேண்டாம், நீ ரயிலடிக்கு வந்தால் அங்கேயே உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்புகிறேன். தங்க ஓட்டல் பார்த்துக்கொள்கிறேன். நீ முடியாது என்றாலும் நான் தவறாக நினைக்க மாட்டேன். நீ சொல்வதுதான் முடிவு.

உன் அண்ணி


ஏப்ரல் 7

அண்ணி,

வாங்க.

அண்ணன்கிட்ட நேராவே கேட்டேன். "அவ உன்னைப் பாக்கத்தானே வரா? வரட்டும். அவ இருக்கிற நாள்ல எனக்கு வெளியூர்ல வேலை இருக்கு"ன்னான். வேலை எதுவும் இல்ல, எனக்குத் தெரியும். அவனுக்கும் எனக்குத் தெரியும்னு தெரியும். எழுதாதேன்னு இந்தத் தடவை சொல்லல, அதனால எழுதறேன்.

நிர்வாகி சர்வரை எங்க பேர்லயே விட்டுட்டார். என் பேரும் சுருட்டை பேரும் போட்டு ஒரு உத்தரவு. பக்கத்து மாவட்டத்துக்காரங்க, எங்களுக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுத் தர முடியுமான்னு கேட்டிருக்காங்க. முடியும்னு சொல்லிட்டேன். இந்தத் தடவை பொய் இல்ல. சுருட்டைதான் கட்டளை அடிக்கப் போறா, கறுப்புத் திரைலயே. நான் பின்னாடி கையைக் கட்டிட்டு நிக்கப் போறேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியும்.

ஓட்டல் கீட்டல்னு பேச்செடுத்தீங்கன்னா சண்டைதான். என் அறைல ரெண்டாவது கட்டில் போட்டாச்சு. பரிசு, பழம்னு எதையும் தூக்கிட்டு வராதீங்க, நீங்க ஒண்ணும் விருந்தாளி இல்ல. கப்பல்ல சேந்துபோன அழுக்குத் துணி இருந்தா அத்தனையும் மூட்டை கட்டி எடுத்துட்டு வாங்க. மாடில வெயில் நல்லா அடிக்குது, ரெண்டு பேருமா சேந்து காயப்போட்டுட்டே பேசலாம்.

வாயாடி